ஆயில் கூலரும் மாதா சேலையும்

போன வருஷம் தேர்பவனியில் மாதா நடுத்தெருவில் இருட்டில் நின்றதை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. பேசுகிறவர்கள் எல்லாரும் லைட்டு அணைந்ததைப் பற்றித்தான் பேசினார்கள். தோமினிக்குக்கு லைட்டு போனதுகூடப் பெரிதாக உறுத்தவில்லை. தேருக்குப் பின்னால் ஜெனரேட்டரை இழுத்து வந்து நின்றுபோன அவர் வண்டியை ஊர் ஆம்பிளைகள் சேர்ந்து தள்ளினார்கள். தள்ளுகிற வண்டிக்குள் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்து மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். இறங்கித் தள்ள முடியாது. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற ரோட்டை ஒட்டி அவர் ஊர். ஜெனரேட்டர், சீரியல் லைட்டு, மைக்செட் வாடகைக்கு விடுவது தொழில். அறுபதை நெருங்குகிற ஆள். மீசை முளைக்கிற வயசில் செஞ்சியில் ஒரு சவுண்டு சர்வீஸ்காரரிடம் கல்யாண ஊர்வலத்துக்கு டியூப்லைட்டு தூக்கப் போனவர், ஊர்வலத்தில் யார் பெண், யார் மாப்பிள்ளை என்று பார்க்காமல் பின்னால் வரும் ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டு நடந்ததால் அதிலேயே நின்றுவிட்டார். பிறகு சொந்தமாக ஜெனரேட்டர் வாங்கி, அதற்கு இரண்டு சக்கர டிரெய்லர் அடித்துப் பூட்டி, தொண்டூர், தளவானூர் என்று சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா, கிறிஸ்துமஸ் குடில் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் கொடுத்தார். சாமி எதுவானாலும் அவருக்கு ஒரே கொள்கைதான். கரண்டு போகலாம், ஜெனரேட்டர் போகக் கூடாது.

அவருடைய சொந்த ஊர் மாதா திருவிழாவுக்கு மட்டும் வாடகை இல்லை. அது அவருடைய உபயம். தேருக்கு லைட்டு கொடுக்கிற ஜெனரேட்டர் தேருக்குப் பின்னால்தான் வரும் என்பதால் இத்தனை வருஷத்தில் தேரில் வரும் மாதாவின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் பின்பக்கத்துப் பிளைவுட்டும் அதில் தொங்கும் ஒயரும்தான். அதில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றைச் சொல்லலாம். அவர் யாரையும் கூப்பிட மாட்டார். கனமான பேட்டரியைத் தூக்கும்போது 'இந்தப் பக்கம் ஒரு கை பிடி' என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. பிடிக்க வந்தவனையும் முறைத்து அனுப்பிவிடுவார். இந்த வீம்பு இரும்புச் சாமானோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாணத்தில் ஜெனரேட்டரின் சைலன்சர் குழாயில் இடது பாதம் பட்டுச் சுட்டுக்கொண்டது. சர்க்கரை உடம்பு, கால் மரத்துப் போயிருந்தது, சுட்டதே தெரியவில்லை. தெரிந்த பிறகாவது சொன்னாரா? துணியைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் சாக்ஸ் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு திரிந்தார். "இன்னாய்யா புது ஆபீசரு மாதிரி?" என்று அவர் பெண்டாட்டி வெரோனிகா கேலி செய்தபோதுகூடச் சிரித்துவிட்டுப் போனார். நாற்றம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். வெரோனிகா அன்றைக்கு அழுததைவிட, 'எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே' என்று பிறகு அழுததுதான் அதிகம்.

செயற்கைக் கால் வந்தது. அதை வைத்து நடக்கலாம். கிளட்ச் மிதித்தால் மிதிபட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பழைய வேனை விற்றார். டிரைவர் போட்டுப் பார்த்தார். வந்த டிரைவர்கள் எல்லாரும் இவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்த நச்சரிப்பில் ஓடிப்போனார்கள். கடைசியில் பெங்களூரில் நர்சாக இருக்கும் மகள் ஜெனிபர்தான் வழி சொன்னாள். அவள் வேலை செய்கிற இடத்து டாக்டர் ஒருவர் தன் பழைய வண்டியைக் கொடுக்கிறார், உயரமான பெரிய வண்டி, கியர் தானே மாறிக்கொள்ளும், கிளட்ச்சே கிடையாது. வண்டி வந்து சேர்ந்த அன்று தோமினிக் ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார். மறுநாளே பின்னால் ஒரு கொக்கியை அடித்து ஜெனரேட்டரை மாட்டிவிட்டார். மாசி, பங்குனி, சித்திரை, எல்லாக் கல்யாணத்துக்கும் வண்டி இழுத்தது. ஆவணி கடைசியில் மாதா தேருக்குப் பின்னால்தான் காலை வாரியது.

இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு முன்னால் கிறிஸ்டோபர் வீட்டுக்கு வந்தான். வெரோனிகாவின் தம்பி, விழாக் கமிட்டித் தலைவர். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் இருந்ததிலேயே விஷயம் சுமுகமில்லை என்று தெரிந்தது.

"மாமா, ஒண்ணு சொல்வேன், கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்த வருசம் ஜெனரேட்டர நம்ம ஜேம்சு டிராக்டர்ல மாட்டிக்கலாம்னு கமிட்டில பேச்சு வருது. ஜெனரேட்டர் உன்னுது, லைட்டு உன்னுது, உபயம் உன்னுது. இழுக்கறது மட்டும் டிராக்டரு. நீ பாட்டுக்கு கோயிலாண்ட ஒரு சேர் போட்டுக்கினு..."

"சேரா?" என்றார் தோமினிக்.

கிறிஸ்டோபர் டீ குடித்தான்.

"போன வருசம் தள்ளனவங்க கை இன்னும் வலிக்குதாமா? அதுக்குன்னா நான் தைலம் வாங்கித் தரேன். டிராக்டரு வேணாம்."

"மாமா, ரூட்டுல மாதா இருட்டுல நின்னா ஊருக்கு ஆவாதுன்றாங்க. பெரியவங்க சொல்றாங்க. நான் இன்னா செய்றது?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த வெரோனிகா அப்போதுதான் பேசினாள். "கிறிஸ்டோ, இந்த ஒரு வருசம் அவரே ஓட்டட்டும்டா."

கிறிஸ்டோபர் அக்காவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி. அக்கா சொல்றதுக்காவ இந்த வருசம். வண்டி நின்னுச்சின்னா அடுத்த வருசத்துலருந்து டிராக்டருதான். அப்பறம் எங்கிட்ட மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சேர் என்ற ஒரு வார்த்தை தோமினிக்கை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கோயில் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, தன் ஜெனரேட்டர் வேறொருவன் பின்னால் போவதைப் பார்க்கிற ஆளாகத் தன்னை நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. அப்படி உட்கார்ந்துவிட்டால் அடுத்தது கல்யாணத்துக்கும் சேர், அதற்கடுத்து வீட்டு வாசலில் சேர், அவ்வளவுதான் தோமினிக்.

திருவண்ணாமலை ரோட்டில், கோட்டையைத் தாண்டி ராஜாங்கத்தின் மெக்கானிக் ஷெட் இருக்கிறது. போன வருஷம் நின்றுபோன வண்டிக்கு ஆயில் மாற்றி ஓட வைத்தவன் அவன்தான். தோமினிக் போய் நின்று, இது மறுபடி நிற்குமா நிற்காதா என்று நேராகக் கேட்டார்.

"நிக்கும்ணே" என்றான் ராஜாங்கம். "கியர்பாக்ஸ் ஒண்ணும் கெடல. ஆயிலுதான் வெந்துபோச்சி. இந்த வண்டில கிளட்ச் செய்ற வேலய ஆயிலுதான் செய்யுது. டாக்டரு ஒத்த ஆளா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த வண்டி. நீ பின்னால அவ்ளோ பெரிய ஜெனரேட்டரக் கட்டி, மனுசன் நடக்கற வேகத்துல இழுக்கற. ஆயிலு உள்ளயே சுத்திச் சுத்தி சூடு ஏறுது. ஆறதுக்கு ரேடியேட்டர்ல ஒரு சின்ன எடம்தான் இருக்குது. அது பத்தாது."

"அதுக்கு இன்னா பண்ணணும்?"

"தனியா ஒரு ஆயில் கூலர் வெக்கலாம். சென்னையில கெடைக்கும். நான் போவும்போது பாத்து எடுத்தாரேன்."

"எடுத்தா. அப்பறம் எனக்கு டேஷ்போர்டுல ஒரு முள்ளு வேணும். ஆயிலு எவ்ளோ சூடு ஏறுதுன்னு எனக்குத் தெரியணும்."

"கூலரு வெச்சா சூடே ஏறாதுண்ணே, முள்ளு எதுக்கு?"

"ஏறும்போதே தெரியணும் ராஜாங்கம். நாறுன பெறகு தெரிஞ்சி இன்னா பிரயோசனம்?"

ராஜாங்கம் வாங்க வேண்டிய சாமான் சீட்டில் முள்ளையும் எழுதிக்கொண்டான்.

கூலர் வந்தது. பார்த்தால் பரீட்சை அட்டை அளவுக்கு ஒரு குட்டி ரேடியேட்டர். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோமினிக்குக்குச் சப்பென்று இருந்தது. ராஜாங்கம் வண்டியின் முன்பக்கக் கிரில்லைக் கழற்றி, ஏசிக்கு இருக்கிற ரேடியேட்டருக்கும் முன்னால், காற்று நேராக வந்து அடிக்கிற இடத்தில் அதைப் பட்டை போட்டு முடுக்கினான். ரேடியேட்டரில் ஆறி வெளியே வருகிற ஆயில் நேரே கியர்பாக்ஸுக்குப் போகாமல், ரப்பர் ஹோஸ் வழியாக இந்தக் கூலருக்குள் நுழைந்து இன்னொரு தடவை ஆறிவிட்டுப் போக வேண்டும். தோமினிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, இந்தக் கிளாம்ப்பு பத்தாது, அந்த ஹோஸ் பெல்ட்டில் உரசும் என்று விடாமல் நச்சரித்தார். "அண்ணே, நீ டிரைவருங்கள ஓட வெச்ச கத எனக்கும் தெரியும். ஆனா இது என் ஷெட்டு, நான் எங்க ஓடறது?" என்றான் ராஜாங்கம். பழைய ஆயில் கரிக்கட்டையைக் கரைத்த மாதிரி இறங்கியது. புது ஆயில் நன்னாரி சர்பத் நிறத்தில் உள்ளே போனது.

ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு திருவண்ணாமலை ரோட்டில் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போய் வந்தார். டேஷ்போர்டில் புதிதாக வைத்த முள் பாதிகூட ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெரோனிகாவைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினார். கல்யாணத்துக்கு எடுத்த மோதிரத்தைக்கூட அவர் இப்படிக் காட்டியதில்லை.

அவள் பார்த்தாள். "நல்லாதான் இருக்குது. ஆனா தேரு இவ்ளோ வேகமாவா போவும்?" என்றாள்.

தோமினிக் மறுபடி முள்ளைப் பார்த்தார். ரோட்டில் வண்டி ஓடும்போது காற்று அடிக்கும், கூலர் ஆறும். தேருக்குப் பின்னால் ஊர்கிற வண்டிக்கு எங்கே இருந்து காற்று வரும்? ஜெனரேட்டரோடு இத்தனை காலம் வாழ்ந்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை, தேருக்கு முன்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடக்கிறவளுக்குத் தோன்றிவிட்டது.

மறுநாள் காலையில் ஏரிக்கரை ரோட்டில் ஒத்திகை பார்த்தார்கள். வெரோனிகா முன்னால் நடப்பது, தோமினிக் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு பின்னால் வருவது என்று ஏற்பாடு.

"மாதா மாதிரி மெதுவா நட" என்றார் அவர்.

"மாதா எங்கய்யா நடந்தா? அவள தள்ளிக்கினுதான போறாங்க?"

"சரி, தேரு மாதிரி நட."

அவள் நடந்தாள். வண்டி பின்னால் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்த அம்மாக்கண்ணு நின்றுவிட்டாள். "இன்னாடி வெரோனிகா, அவ்ளோ பெரிய வண்டி வெச்சிக்கினு ஊட்டுக்காரன் உன்ன நடக்க வுட்டுட்டானே? சண்டையா?" என்றாள். "இன்னிக்கி நான்தான்டி மாதா. கும்புட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வெரோனிகா தேராகவே போய்க்கொண்டிருந்தாள்.

பம்புசெட்டு வளைவு வருவதற்குள் முள் கிடுகிடுவென்று ஏறியது. தோமினிக் ஹாரன் அடித்தார். தேர் நின்றது.

திரும்பவும் ராஜாங்கம். இந்தத் தடவை கூலருக்கு முன்னால் ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஃபேனை வைத்து, ஸ்டீயரிங் பக்கத்தில் அதற்கு ஒரு சுவிட்ச் கொடுத்தான். தேர் நிற்கிற இடத்திலெல்லாம் நியூட்ரலுக்குத் தள்ளிவிடச் சொன்னான். முள் எந்த இடத்துக்கு வந்தால் ஆபத்து என்று விரலை வைத்துக் காட்ட, ஜெனிபர் விட்டுவிட்டுப் போன நெயில் பாலிஷால் வெரோனிகா அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். மறுபடியும் ஏரிக்கரை, மறுபடியும் அதே நடை. முள் ஏறியது, கோட்டுக்குக் கீழேயே நின்றது. தோமினிக் ஹாரன் அடிக்கவே இல்லை. வெரோனிகா அடுத்த ஊர் எல்லை வரைக்கும் நடந்துவிட்டு, கால் வலிக்கிறது என்று அவளாகவே நின்றாள்.

திருவிழா வந்தது. அந்த ஊரில் கொடி ஏறினதிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக மாதாவுக்குச் சேலை சார்த்துவார்கள். ஒரு வேண்டுதலை மனசில் நினைத்துக்கொண்டு சேலையைக் கொடுக்க வேண்டும், வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது. மாதா கட்டிக் களைந்த சேலை தேர் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வரும். அதை ஆசீர்வாதமாகப் பெண்ணுக்குக் கட்டுவார்கள், தொட்டில் கட்டுவார்கள், புது வண்டிக்குச் சுற்றுவார்கள். வெரோனிகா இந்த வருஷம் நீலத்தில் வெள்ளைக் கரை போட்ட சேலை சார்த்தியிருந்தாள். என்ன வேண்டுதல் என்று தோமினிக் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது, வண்டி நிற்கக் கூடாது என்றுதான் வேண்டியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலப் பூசை முடிந்து தேர் கிளம்பும் முன் அவள் அந்தச் சேலையோடு வந்தாள். தோமினிக் அப்போதே ஏறி உட்கார்ந்து, செயற்கைக் காலை ஓரமாக மடக்கி வைத்து, ஃபேன் சுவிட்சைப் போட்டுக் காத்திருந்தார். ஏறி இறங்குவது அவருக்குப் பெரிய வேலை. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்வார். வெரோனிகா சேலையைப் பானட்டின் மேல் விரித்து, முன்னால் தேரில் தொங்கவிடும் துணித் தொம்பை மாதிரி கொசுவம் வைத்துத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் முடிபோட்டு ஊக்கு குத்தினாள். சீட்டிலிருந்து பார்த்தவருக்கு வெள்ளைக் கரை மட்டும் தெரிந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. தலையை ஆட்டினார். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு தேருக்கு முன்னால் போய்விட்டாள்.

வண்டி எந்த வழியாக மூச்சு விடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த மனுஷனுக்கோ சீட்டிலிருந்து அந்த இடம் தெரியவில்லை.

தேர் கிளம்பியது. டயர் வைத்த தேரை இளவட்டங்கள் தள்ள, ஜெனரேட்டரிலிருந்து ஒயர் வண்டியின் பக்கவாட்டில் ஓடித் தேருக்கு ஏற, சீரியல் லைட்டு எல்லாம் ஓடி ஓடி எரிந்தது. உபதேசியார் கையில் மைக்கோடு ஜெபமாலையைச் சொல்லச் சொல்ல, கூட்டம் பதில் சொல்லிக்கொண்டு நடந்தது. ஜனங்கள் நேர்ச்சையாகத் தேரின் மேல் உப்பும் மிளகும் வீசினார்கள். வெயில் போயும் சுற்றியிருந்த மலைப் பாறைகளின் வெக்கை போகாத சாயங்காலம் அது. மேட்டுத் தெரு திரும்புகிற வரைக்கும் முள் சொன்னபடி கேட்டது.

மேட்டுத் தெருவில் முள் ஏறத் தொடங்கியது. ஏரிக்கரையில் நின்ற இடத்தைத் தாண்டியது. தோமினிக் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் அது சரியான சத்தமில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவன் குரல் மாதிரி இருந்தது. மிஷின் சத்தத்தை வைத்தே சோறு தின்ற மனுஷன் அவர். வாயைப் பொத்தியது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். கண் பானட்டின் மேல் இருந்த வெள்ளைக் கரைக்குப் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தோணியாரே, என்றார்.

முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தலாம். நிறுத்தினால் தள்ளுகிறவர்களுக்குத் தெரியாது. தேர் போய்க்கொண்டே இருக்கும், போன வருஷம் மாதிரியே ஒயர் பிடுங்கிக்கொண்டு வரும், மாதா இருட்டில் நிற்பாள். இறங்கலாம். இவர் காலை இழுத்து, கதவைப் பிடித்து, இறங்கி முன்னால் போவதற்குள் தேர் தெருவைத் தாண்டிவிடும். பக்கத்தில் ஜனம் நடந்துகொண்டுதான் இருந்தது. டிராக்டர் ஜேம்ஸ்கூட ஜன்னல் ஓரமாகவே வந்துகொண்டிருந்தான். "ஜேம்சு, அந்தச் சேலையக் கொஞ்சம் அவுத்துடு" என்று சொன்னால் அவன் அவிழ்த்திருப்பான், நல்ல பையன்தான். ஆனால் வேண்டுதலோடு கட்டின மாதா சேலையை ஊர்வலத்தின் நடுவில் வேற்று ஆள் கை வைத்து அவிழ்ப்பதா? கட்டினவள்தான் அவிழ்க்க வேண்டும். கட்டினவள் தேருக்கு முன்னால் இருந்தாள், நடுவில் ஊரே இருந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் தாங்கிவிடும் என்று மனசு சொன்னது. வளைவு தாண்டினால் தேர் நிற்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றது. இதே மனசுதான் அன்றைக்குப் பாதத்தில் துணியைச் சுற்றச் சொல்லி, இன்னும் கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று சொன்னது. முள் சிவப்பைத் தொட்டது.

மைக் டெஸ்ட் பண்ணுவதற்காக அவர் சீட்டின் பக்கத்தில் எப்போதும் ஒரு மைக் இருக்கும். அதை எடுத்து ஆன் செய்தார். உபதேசியார் ஜெபத்தின் பாதியில் இருந்தார்.

"வெரோனிகா" என்றது தேரில் கட்டியிருந்த ஸ்பீக்கர். "வெரோனிகா, இங்க வா. எனக்கு ஒரு கை வேணும். சீக்கிரம் வா."

ஜெபம் நின்றுபோனது. தெருவே திரும்பிப் பார்த்தது. நாற்பது வருஷமாக அந்தக் குரலை ஹலோ, டெஸ்டிங் என்று மட்டுமே கேட்டிருந்த ஊர் அது. தோமினிக் யாரையோ கூப்பிடுகிறார் என்பதே நம்புகிற மாதிரி இல்லை. கிறிஸ்டோபர் தேருக்குப் பக்கத்திலிருந்து, "தள்ளாதீங்கடா, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினான். தேர் நின்றது. தோமினிக் நியூட்ரலுக்குத் தள்ளினார். லைட்டு எரிந்துகொண்டிருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெரோனிகா ஓடி வந்தாள். ஊருக்கு முன்னால் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். அதெல்லாம் அப்போது அவளுக்கு நினைவில்லை. "இன்னாய்யா? இன்னா ஆச்சி உனக்கு? நெஞ்சு வலிக்குதா?" என்று ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் சட்டையைப் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. சேலைய அவுரு. கூலரு மூச்சு முட்டுது."

அவள் வண்டியின் முன்பக்கம் பார்த்தாள். சேலை கிரில்லோடு கிரில்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. "மாதா சேலைய்யா" என்றாள்.

"தெரியும். கோச்சிக்க மாட்டா. அவுரு."

ஊக்குகளைப் பிடுங்கி முடிச்சுகளை அவிழ்த்தாள். ஒரு முனை கிரில்லுக்குள் இழுபட்டு மாட்டியிருந்தது. இழுத்தபோது கரை ஒரு முழம் கிழிந்தது. பின்னால் ஒரு கிழவி, "ஐயோ, மாதா சேல" என்றாள். வெரோனிகா திரும்பவில்லை. சேலை வந்த மறு நிமிஷமே ஃபேன் தன் பழைய குரலில் இரையத் தொடங்கியது.

முள் உடனே இறங்கவில்லை. அப்படி எந்த முள்ளும் இறங்காது. சிவப்பில் கொஞ்சம் நின்று, பிறகு மனசில்லாமல் நகர்ந்தது. கிறிஸ்டோபர் ஜன்னல் பக்கம் வந்து, "மாமா, போலாமா? இல்ல டிராக்டரக் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றான். தோமினிக் முள்ளைப் பார்த்தார். "கொஞ்சம் நில்லு. இன்னும் ரெண்டு ஜெபம் சொல்லச் சொல்லு" என்றார். கிறிஸ்டோபர் போய்ச் சொன்னான். உபதேசியார் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கூட்டம் பதில் சொன்னது. முள் கோட்டுக்குக் கீழே வந்த பிறகு தோமினிக் கியரைப் போட்டார், தேர் நகர்ந்தது.

வெரோனிகா தேருக்கு முன்னால் திரும்பிப் போகவில்லை. கிழிந்த சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் நடந்த அதே நடையில் வண்டிக்கு முன்னால் நடந்தாள். மேட்டுத் தெரு, தெற்குத் தெரு, குளத்து மேடு, கோயில் வாசல் வரைக்கும் அப்படியே வந்தாள். வண்டி நிற்கவில்லை. ஒரு பல்புகூட அணையவில்லை.

மாதாவை இறக்கிக் கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். கிறிஸ்டோபர் தூரத்திலிருந்து கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். டிராக்டர் பேச்சு இனி இல்லை என்று அதற்குமேல் அவன் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். வெரோனிகா ஜன்னல் ஓரம் வந்து நின்று கிழிந்த கரையை நீவிக்கொண்டிருந்தாள்.

"கிழிஞ்சிபோச்சி" என்றார் தோமினிக். "இனிமே உன் வேண்டுதல் இன்னா ஆவுமோ."

"அதான் நடந்துருச்சே."

"ஆமா. வண்டி நிக்கல."

"வண்டிக்கு எவன் வேண்டுனான்?" என்றாள் அவள். "வண்டிக்குத்தான் கூலரு, ஃபேனு, முள்ளுன்னு நீ எல்லாம் வெச்சிட்டியே. ஒனக்கு ஏதாவது ஒண்ணுன்னா வாயத் தொறந்து என்ன ஒரு தடவ கூப்டணும்னு வேண்டிக்கினேன். கால அழுக வெச்சிக்கினு பக்கத்துலயே படுத்திருந்தியே, அன்னிக்கிக்கூடக் கூப்டலியே நீ."

தோமினிக் முன்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. ஜெனரேட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய் நிறுத்த வேண்டும். வாசலில் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது.

கதவைத் திறந்தார். "வெரோனி, ஒரு கை குடு. எறங்கணும்."

"இவ்ளோ மெதுவா சொன்னா எனக்குக் கேக்காது. மைக்குல சொல்லு" என்றாள் அவள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியிருந்தாள்.